கேள்வி – பதில்: ‘ஜாம்பி’ பாடலில் இறந்தவர் யார்?

கேள்வி: தி கிரான்பெரீஸ் என்னும் ஐரிஷ் ராக் இசைக்குழுவின் ‘ஜாம்பி’ பாடலைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். பேய்க் கதையைச் சொல்லும் பாடல் என்று நண்பர்கள் கூறுகிறார்கள். ஆனால் கேட்கும்போதெல்லாம் எனக்குத் துக்கம் தொண்டையை அடைக்கிறது. இதன் பின்னணி என்ன?

பதில்: உங்கள் நண்பர்களைவிட உங்கள் தொண்டை அந்தப் பாடலைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அது இரண்டு பிள்ளைகளின் சாவிலிருந்து பிறந்த பாடல். 1993 மார்ச் 20, சனிக்கிழமை. மறுநாள் பிரிட்டனில் அன்னையர் தினம். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையிலுள்ள வாரிங்டன் நகரின் பிரிட்ஜ் தெருவில் மக்கள் கூட்டம் நிறைந்திருந்த நண்பகல் வேளையில், வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் எதிர்த்த, ஐ.ஆர்.ஏ. எனப்படும் ஐரிஷ் குடியரசுப் படையினர் குப்பைத் தொட்டிகளுக்குள் மறைத்து வைத்திருந்த இரண்டு குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. முதல் வெடிப்புக்கு அஞ்சி ஓடியவர்கள் இரண்டாவதில் சிக்கினார்கள். தொட்டிகள் வார்ப்பிரும்பால் ஆனவை என்பதால் அவையே சிதறிக் கூரிய துண்டுகளாகக் கூட்டத்தின்மீது பாய்ந்தன. 3 வயதுக் குழந்தை அங்கேயே இறந்தது. 12 வயதுச் சிறுவன் ஐந்து நாள்கள் கழித்து மருத்துவமனையில் இறந்தான்.

கிரான்பெரீஸ் குழுவின் பாடகி டோலோரஸ் ஓ’ரியோர்டனுக்கு அப்போது 21 வயது. அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில் பிறந்த அவர், அந்த நாள்களில் குழுவினருடன் இங்கிலாந்தில் இசைப்பயணத்தில் இருந்தார். செய்தி அவரை உலுக்கியது. பாடலை அவர் தனியாகவே எழுதினார். முதல் வரிகளில் ஒரு தலை கவிழ்கிறது, ஒரு குழந்தை மெல்லப் பறிபோகிறது; அடுத்த பகுதியில் ஒரு தாயின் நெஞ்சு உடைகிறது. பல்லவியோ, உன் தலைக்குள் அவர்கள் இன்னும் சண்டையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்கிறது. பாடலின் ஜாம்பி கல்லறையிலிருந்து எழுந்து வரும் பிணம் அன்று. முன்னோர் விட்டுச்சென்ற பகையைத் தன் சிந்தனை என்று நம்பி, அதன் ஏவலுக்கு நடக்கிற உயிருள்ள மனிதனே என்று நான் படிக்கிறேன்.

கேள்வி: பாடலில் 1916 என்ற ஆண்டு வருவது ஏன்?

பதில்: அந்த ஆண்டு ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்களன்று, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளின் நகரில் ஆயுதமேந்திய கிளர்ச்சி தொடங்கியது. தலைமை அஞ்சலகத்தைக் கைப்பற்றியவர்களின் சார்பில் பாட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். ஆறு நாள்களில் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. பின்னர் 16 பேருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. உயிருடன் இருந்தபோது பலரால் கண்டிக்கப்பட்டவர்கள், கொல்லப்பட்டதும் தியாகிகளானார்கள். பிறகு நாடு பிரிந்து, வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கின. பிரிட்டனோடு நீடிக்க விரும்பியவர்களுக்கும் (பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள்) ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பியவர்களுக்கும் (பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்) இடையே 1960-களின் இறுதியில் அங்கே மூண்ட மோதலில் 3,500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வாரிங்டனில் குண்டு வைத்தவர்கள் தங்களை 1916-இன் வாரிசுகளாகவே கருதினார்கள். புனிதமாகப் போற்றப்படும் அந்த ஆண்டைப் ‘பழைய கதை’ என்ற தொனியில் குறிப்பிட ஓர் ஐரிஷ் பெண்ணுக்கு மிகுந்த துணிவு வேண்டும்.

கேள்வி: அயர்லாந்தின் பக்கம் நடந்த கொலைகளைப் பற்றிப் பேசாமல், ஆங்கிலேயக் குழந்தைகளுக்காக மட்டும் அழும் ஒருதலைப்பட்சமான பாடல் இது என்று சிலர் விமர்சிக்கிறார்களே?

பதில்: இந்த விமர்சனத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் படையினராலும், பிரிட்டனுக்கு விசுவாசமான ஆயுதக் குழுக்களாலும் கொல்லப்பட்ட கத்தோலிக்கக் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்காக உலகம் முழுவதும் ஒலித்த பாடல் ஏதும் இல்லையே என்று அந்தக் குடும்பங்கள் வருந்தினால், அந்த வருத்தம் நியாயமானது. தெற்கே லிமெரிக்கில் வளர்ந்த பெண்ணுக்கு, வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட் தெருக்களின் அன்றாட அச்சம் எப்படித் தெரியும் என்ற கேள்வியிலும் பொருள் இருக்கிறது.

ஆயினும் வரிகளைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆயுதங்களை அடுக்கிச் சொல்லும் இடத்தில் பாடகி டாங்கிகளையும் சேர்த்தே சொல்கிறார், டாங்கி ஐ.ஆர்.ஏ.விடம் இருந்த ஆயுதம் அன்று, அது ஓர் அரசின் படையிடம் இருப்பது. ஆகவே அவருடைய கோபம் ஒரு தரப்பைத் தாண்டிச் செல்கிறது என்றே கொள்கிறேன்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, இது நானும் அல்ல, என் குடும்பமும் அல்ல என்னும் பொருளில் அவர் பாடும் இடம். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று அதைச் சொல்பவர்கள், குண்டு வைத்தவர்கள் யாருடைய பெயரால் வைத்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஐரிஷ் மக்கள் அனைவரின் சார்பிலும் போரிடுவதாக அறிவித்துக்கொண்டவர்கள். அந்த மக்களுள் ஒருத்தி எழுந்து நின்று, என் பெயரையும் என் வீட்டாரின் பெயரையும் இந்தக் கொலைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்கிறாள். அதே ஆண்டில் இங்கிலாந்தின் மேடைகளில் ஐரிஷ் உச்சரிப்போடு நின்று பாடிய ஒருவருக்கு அப்படிச் சொல்ல வேண்டிய நெருக்கடியும் இருந்தது. பாடலின் இதயமாக நான் கருதுவது இந்த இடத்தையே.

கேள்வி: ‘லிங்கர்’, ‘ட்ரீம்ஸ்’ போன்ற மென்மையான பாடல்களைத் தந்த குழு, இதில் மட்டும் இவ்வளவு உரத்து ஒலிப்பது ஏன்?

பதில்: டோலோரஸ் விரும்பித் தேர்ந்த உரப்பு அது. பொருளுக்கேற்ற கனம் வேண்டும் என்று குழுவினரிடம் அவரே வலியுறுத்தினார். மெட்டு மிக எளியது. நான்கு கிட்டார் கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் சுழல்கின்றன. வெளியேற வழியில்லாத அந்தச் சுழற்சி, தலைமுறைதோறும் திரும்பி வரும் வன்முறையைப் பற்றிய பாடலுக்கு மிகவும் பொருந்துகிறது. சரணத்தில் தாலாட்டைப் போல் அடங்கியிருக்கும் குரல் பல்லவியில் உடைந்து மேலெழும்போது, இறந்தவரின் அருகில் அமர்ந்து ஐரிஷ் பெண்கள் பாடிவந்த பழைய ஒப்பாரி என் நினைவுக்கு வரும். தயாரிப்பாளர் ஸ்டீஃபன் ஸ்ட்ரீட் அந்தக் குரலை மெருகேற்றி மழுங்கடிக்காமல் விட்டது பெரிய காரியம்.

1994 செப்டம்பரில் பாடல் வெளியானது. அதற்குச் சற்று முன்பு, ஆகஸ்ட் 31 அன்று, ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்திருந்தது. அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாக 1998 ஏப்ரல் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: இத்தகைய பாடலை விளையாட்டு அரங்குகளில் கொண்டாட்டமாகப் பாடுவது தகுமா?

பதில்: 2023 ரக்பி உலகக் கோப்பையில், செப்டம்பர் 23 அன்று தென்னாப்பிரிக்காவை 13–8 என்ற கணக்கில் அயர்லாந்து வென்றபோது, பாரிஸ் அரங்கில் ஐரிஷ் ரசிகர்கள் பல்லாயிரவர் இதைப் பாடினார்கள். அதை எதிர்த்தும் ஆதரித்தும் சர்ச்சை எழுந்தது. 2018 ஜனவரி 15 அன்று மறைந்த தங்கள் பாடகியை அவர்கள் நினைவுகூர்ந்த விதமாகவே அதை நான் பார்க்கிறேன். அயர்லாந்தின் ரக்பி அணியில் வடக்கும் தெற்கும் ஒன்றாக ஆடுகின்றன. அந்த அணிக்காகக் கூடியவர்கள் பகையை மறுக்கும் பாடலைப் பாடுவதில் எனக்குக் குறை தெரியவில்லை. பாடுகிறவர்களில் இளையவர்களுக்கு வாரிங்டன் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம் என்பதே என் கவலை. அதைச் சொல்லிக்கொடுப்பது மூத்தவர்களின் கடமை.