ட்யூப் கிட்டார் ஆம்ப் வாங்கும் முன் ஏன் சத்தமாக வாசித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்?

கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்சமிக்ஞையை, சிப்புக்குப் பதிலாகக் கண்ணாடி வால்வுகளால் பெருக்குவதுதான் ட்யூப் ஆம்ப். பழைய வால்வு ரேடியோவில் இருந்த அதே சாமான். உள்ளே இழை சூடேறினால்தான் வேலை செய்யும். தோசைக்கல் மாதிரி, போட்டதும் வார்க்க முடியாது. ஓரிரு நிமிடம் காயவிடுங்கள்.

அப்புறம் வால்யூமைக் கூட்டுங்கள். வால்வு தன் எல்லையை நெருங்கும்போதுதான் ஒலி இதமாகக் கரகரக்கும்; பலரும் காசு கொடுப்பதே அந்தக் கரகரப்புக்குத்தான். கடையில் கூச்சப்பட்டு மெதுவாக வாசித்தால் அது வெளியே வராது. சொந்தக் கிட்டாரையே கொண்டுபோங்கள். பழைய ஆம்ப் என்றால் குமிழ்களையும் திருகிப் பாருங்கள்; சரசரவென்றால் பேரம் பேசலாம்.

100 வாட் ஆம்ப் 50 வாட்டைப்போல இரு மடங்கு சத்தம் போடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒலி அளவில் வித்தியாசம் சுமார் 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் கூடுதலாகத் தெரியும்; வீட்டுக்கு 5 வாட்டே தாராளம்.