கீற்று போட்டால் 'ஈகோ ரிசார்ட்' ஆகிவிடுமா?

கேள்வி: மே மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு அந்தமானின் ஸ்வராஜ் தீவுக்கு (பழைய ஹேவ்லாக்) போகிறோம். கீற்றுக் கூரை, மூங்கில் சுவர், உள்ளே ஏசி என்று ஒரு 'ஈகோ ரிசார்ட்' (eco, சுற்றுச்சூழலுக்கு இணக்கமான விடுதி) பார்த்து வைத்திருக்கிறோம். வாடகை கூடுதல்தான். சுற்றுச்சூழலுக்காகக் கொடுக்கலாம் இல்லையா? – வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தாராளமாகக் கொடுங்கள். சுற்றுச்சூழல் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

கீற்றுக் கொட்டகையில் ஏசி மாட்டினால் என்ன ஆகும் என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? கீற்றுச் சந்து வழியே குளிர் வெளியேறிக்கொண்டே இருக்கும். கம்ப்ரசர் ஓயவே ஓயாது. ஒன்றரை டன் ஏசி அப்படி எட்டு மணி நேரம் ஓடினால் பத்து, பன்னிரண்டு யூனிட். அங்கே கரண்ட் பெரும்பாலும் டீசலில் எடுப்பது. அந்த டீசலும் கப்பலேறி வர வேண்டும். லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் தேறும். ஆக, ஓர் இரவு தூங்கி எழ மூன்று லிட்டருக்குமேல் டீசல்.

"சோலார் இருக்குங்க" என்பார்கள். எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு நாலு யூனிட் தரும். உங்கள் ஒரு அறை ஏசிக்கே மூன்று கிலோவாட் வேண்டும், ராத்திரிக்கு பேட்டரி தனி. பெரும்பாலும் அது தோட்டத்து விளக்குக்கு வைத்த பேனலாகத்தான் இருக்கும்.

கரண்டைவிடப் பெரிய சங்கதி தண்ணீர். அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை, நம் ஊரைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இருந்தும் ஜனவரி தொடங்கி மே வரை கிணறுகள் இறங்கிவிடும். கரையோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துதான் நிற்கிறது. கடல் மட்டத்துக்குமேல் ஓர் அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் நாற்பது அடி இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் போட்டு மேலே ஓர் அடி குறைத்தால், அடியிலிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். நம் கரையோர போர்வெல்களில் உப்புக் கரிப்பதும் இதே கதைதான். ஆகவே நீச்சல் குளம் இருக்கிறதா, மழைநீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். தொட்டியே இல்லாமல் குளம் மட்டும் இருந்தால் போனை வைத்துவிடலாம்.

கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். "செப்டிக் டேங்க் இருக்கு" என்பது பாதிப் பதில். அதிலிருந்து வழிவது மணலில் இறங்கினால் ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் கடல். அந்தக் கழிவிலுள்ள சத்தைத் தின்று கடலில் பாசி பெருகும், பவளப்பாறையை மூடும். ஜல்லித் தொட்டியில் கல்வாழை, நாணல் வளர்த்து, அந்தக் கழிவுநீரை அதன் வழியே விட்டு, வடிந்ததைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறோம் என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் கூடுதல் வாடகை கொடுங்கள்.

தரை உயர்த்தி, எதிரெதிரே ஜன்னல் வைத்து, கொசுவலை கட்டிய ஃபேன் அறை அங்கே கிடைக்கும். விடிய விடிய ஓடினாலும் ஃபேனுக்கு ஒரு யூனிட் ஆகாது. மே மாதப் புழுக்கத்தில் குழந்தைகள் சிணுங்கத்தான் செய்வார்கள். முடியாவிட்டால், கதவு ஜன்னல் இறுக்கமாக மூடும் கான்கிரீட் அறையில் ஏசி போட்டுக்கொள்ளுங்கள், கீற்றைவிட அது குறைவாகவே டீசல் குடிக்கும்.

மே முதல் பாதியிலேயே போய் வந்துவிடுங்கள். 20-ஆம் தேதி வாக்கில் அங்கே பருவமழை இறங்கும்; கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். விமானத்துக்கு முந்தின நாளே, விமான நிலையம் உள்ள ஸ்ரீ விஜயபுரத்துக்கு (பழைய போர்ட் பிளேர்) திரும்பும்படி டிக்கெட் போடுங்கள்.