கடைச் சுவரில் இருக்கும் டிசைனைப் பார்த்து, போன உடனே சின்ன டாட்டூ போடலாமா?

முன்பதிவு எதுவும் இல்லாமல் நாகர்கோவிலில் ஒரு கடைக்குள் நுழைந்து, அவர்கள் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிற டிசைன்களில் சின்னதாக ஒன்றைக் காட்டி அப்போதே போட்டுக்கொள்ளலாமா, அது மட்டமான வேலையாக இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். முதல் டாட்டூ என்றால் அதுதான் நல்ல வழி என்பது என் கட்சி. என் இடது முன்கையில் இருக்கிற நெற்கதிர் அப்படி டிசைன் வரைந்து வைத்த ஒரு தாளிலிருந்து வந்ததுதான்.

பெரும்பாலானவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும், ஆனா சின்னதா" என்று கேட்கிறார்கள். சிக்கல் அந்த 'சின்னதா'வில்தான் இருக்கிறது. ஊசி மையை மேல்தோலில் வைப்பதில்லை, அதற்குக் கீழே உள்தோலில் வைக்கிறது. ஆழம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். அங்கே போன மை வருடம் போகப்போக லேசாகப் பரவும், கோடு தடிக்கும். இன்றைக்கு இரண்டு கோட்டுக்கு நடுவில் தெரியும் மெல்லிய இடைவெளி சில வருடங்களில் அடைந்துவிடும். பெரிய படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினால் கடைசியில் மிஞ்சுவது ஒரு கரும்புள்ளி. தாளில் இருக்கும் டிசைனோ அந்த அளவுக்கென்றே வரைந்தது. வரைந்தவரே அதைப் போடப்போகிறார். எந்த வளைவில் கை திரும்ப வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம்.

என் நெற்கதிரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாட்டு வயலில் பார்க்கிற கதிர் நெருக்கமாக மணி பிடித்துத் தொங்கும். தாளில் இருந்ததோ சில மணிகள் மட்டும், ஒவ்வொன்றும் பெரிதாக, நடுவில் நல்ல இடம் விட்டு. கூட வந்த நண்பன், "இது நெல்லா, புளிய இலையா?" என்று கேட்டான். ஆறி, கோடு தடித்து, வெயில் பட்ட பிறகு இப்போது பார்த்தால் அசல் நெல். வரைந்தவர் அப்போதே இதைக் கணக்குப் பண்ணியிருக்கிறார்.

அதனால் தாளில் இருப்பதை அப்படியே எடுங்கள். "இந்த இலையை எடுத்துட்டு அம்மா பேரை எழுதுங்க" என்று ஆரம்பித்தால் அது வேறு வேலை, அதற்கு வேறொரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும். பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக வையுங்கள். நம் எழுத்தில் சுழி அதிகம். சின்னதாகப் போட்ட ண, ன இரண்டும் சில வருடத்தில் ஒன்றாகிவிடும். ணை, ஐ, இ எல்லாம் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் பெயரே மாறிப்போகும்.

மட்டமாக இருக்குமோ என்ற பயத்துக்கு ஒரு வார்த்தை. இந்த முறை ஒன்றும் நேற்று வந்ததில்லை. நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் 1891இல் மின்சாரத்தில் ஓடும் டாட்டூ எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசனின் மின்சாரப் பேனாதான் அதற்கு முன்மாதிரி. கையால் குத்தியபோது நேரம் பிடித்த வேலை சட்டென்று முடிய ஆரம்பித்தது. கப்பல் துறைமுகத்தில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் மாலுமிகள் வந்து, சுவரில் ஒட்டியிருக்கும் நங்கூரம், ரோஜா, தகைவிலான் குருவி இவற்றில் ஒன்றைக் கைகாட்டிப் போட்டுக்கொண்டு போவார்கள். டாட்டூ கலையின் நல்ல கோடுகள் பலவும் அந்தச் சுவர்த் தாள்களில் வளர்ந்தவை. நமக்கும் இது பழகியதுதான். திருவிழாக் கடைத்தெருவில் அட்டை நிறைய ஓம், சிலுவை, வேல், தேள், இதயம் என்று வரைந்து வைத்து, பேட்டரி எந்திரத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் கையை நீட்டியவர்கள் எத்தனை பேர்! அதற்கும் முந்தைய தலைமுறைக்கு அகத்தி இலையும் மஞ்சளும் சேர்த்து எரித்த கரியில் பச்சை குத்தினார்கள். அதிலும் கோலம், தேள் என்று வழக்கமான உருவங்கள்தான்.

ஆனால் திருவிழா அட்டைக்காரரிடம் கையை நீட்டாதீர்கள். டிசைன் மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரே ஊசி, ஒரே மைக்கிண்ணம், வரிசையாகப் பத்துப் பேர் என்றால் மஞ்சள்காமாலை பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் கதவைத் திறந்து வைத்த மாதிரி. நல்ல கடையில் ஊசி தனித்தனி உறையில் இருக்கும். கிருமி நீக்கம் செய்த குறியும் காலாவதித் தேதியும் உறை மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை உங்கள் கண் முன்னால் கிழிக்கச் சொல்லுங்கள். மையைப் பாட்டிலிலிருந்து சின்ன மூடிகளில் ஊற்றி, வேலை முடிந்ததும் மீதியைக் கொட்டிவிட வேண்டும். கையுறை போட்ட பிறகு போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையோடு திரும்பி வந்தால், புதுக் கையுறை கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். முன்பணம் கொடுக்காமல் போனதில் உள்ள சுகமே அதுதானே.

விலையில் ஒரு விஷயம். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகை வைத்திருப்பார்கள். நான் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். பொட்டு அளவுக்குப் போட்டாலும் ஊசி, கையுறை, மை மூடி எல்லாம் ஒன்றுதான் செலவாகும். வடசேரிச் சந்தையில் வாழைக்குலைக்குப் பேரம் பேசுவது போல இங்கே பேசினால், அவர் எதில் குறைப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படத்தை முடிவு செய்ய ஐந்து நிமிடம் போதும், இடத்தை முடிவு செய்யத்தான் நிதானம் வேண்டும். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் ஏதாவது ஆள்சேர்ப்புக்குத் தயாராகிக்கொண்டிருப்பார். பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். மாதிரியான படைகளின் விதியில் இடது முன்கையின் உட்புறமும் புறங்கையும்தான் அனுமதி. அந்தப் பகுதியில் கால்வாசிக்கும் குறைவாகவே டாட்டூ இருக்க வேண்டும். வலது கை சல்யூட் அடிக்கிற கை என்பதால் அதன் முன்கையில் கூடாது. தேர்வு எழுதப்போகிறவர்கள் அந்த வருட அறிவிப்பை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். விரல் பக்கவாட்டில் போட்டால் சீக்கிரம் மங்கும். அப்புறம், குழந்தையாக இருந்தபோது போட்ட பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பு) ஊசித் தழும்போ காது குத்திய இடமோ உங்களுக்குக் கட்டியாகப் புடைத்து நின்றால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். டாட்டூவும் அப்படியே புடைக்கலாம்.

கடையில் நடப்பது அதிகமில்லை. ஊதா நிறத் தாளில் இருந்து படத்தைத் தோலில் ஒட்டி எடுப்பார்கள். உடனே "சரி" என்று சொல்லாமல் எழுந்து நின்று, கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது நேராகத் தெரிந்தது நிற்கும்போது சாய்ந்திருக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்து மறுபடி ஒட்டலாம். குத்த ஆரம்பித்த பிறகு முடியாது. வலி பொறுக்கக்கூடியதுதான். அரை மணிக்குள் முடிந்துவிடும். வீட்டில் அம்மா, "வேற சோலி இல்லியா மக்கா ஒனக்கு?" என்று கேட்டது அதைவிட நேரம் நீடித்தது.

இதில் ஆட்கள் கோட்டைவிடுவது பிறகு வரும் இரண்டு மூன்று வாரத்தில்தான். புது டாட்டூ ஒரு காயம். அது ஆறும்வரை கடலில் இறங்கக் கூடாது, திற்பரப்பு அருவியிலும் குளத்திலும் குளிக்கக் கூடாது. கடல்நீரில் இருக்கும் சில கிருமிகள் திறந்த காயம் வழியாக உடம்புக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கடல்தொழில் செய்கிறவருக்கு இது எப்படி நடக்கும் என்றால், விசைப்படகில் போகிறவர்களுக்குத் தடைக்காலம் இருக்கிறது. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை தொடங்கிய வாரமே போட்டுவிட்டால் படகு கிளம்புவதற்குள் ஆறிவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்கள், பால் உறைய ஊற்றும் ஆசிட் படுகிற இடத்தில் புதுசாகப் போட வேண்டாம். ஒன்று கணுக்கால் பக்கம் போடுங்கள், அல்லது மழையில் வெட்டு நிற்கிற நேரம் பாருங்கள்.

பொருக்கு தானாக உதிரட்டும், கிள்ள வேண்டாம். வாசனை இல்லாத சோப்பு, கொஞ்சமாக மருந்து, அவ்வளவுதான். தேங்காயெண்ணெய் தடவச் சொல்லி யாராவது வருவார்கள், கடைக்காரர் சொன்னதை மட்டும் கேளுங்கள். சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். ரத்ததானம் செய்கிற பழக்கம் இருந்தால், டாட்டூ போட்ட நாளிலிருந்து ஓராண்டுக்கு உங்களிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். அதனால் முகாமில் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்துக் கடைக்குப் போவது நல்லது.

பணம் கொடுக்கும் முன் ஒன்று கேட்டுவிடுங்கள்: கோடு எங்காவது விட்டுப்போனால் திரும்பச் சரிசெய்து தருவார்களா, அதற்குத் தனிக் காசா? பெரும்பாலும் முதல் தடவை இலவசமாகவே செய்கிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் போய்க் காட்டுங்கள், ட்யூப்லைட்டில் விட்டுப்போன கோடு தெரியாது.