‘இல்லை’ என்று சொன்னதை எழுதி வையுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் மாமனார் தொடங்கிய மளிகைக் கடையை இப்போது நானும் கணவரும் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்து மாலில் பெரிய சூப்பர்மார்க்கெட் வந்த பிறகு ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. விலையைக் குறைத்தால் வருவார்கள் என்கிறார் கணவர். செல்போன் செயலியும் புள்ளி அட்டையும் வேண்டும் என்கிறான் மகன். மாமியார் வீட்டில் அரைத்துவந்த கறி மசாலாவை 18 வகையாகப் பாக்கெட் போட்டு விற்கவும் திட்டம் வைத்திருக்கிறான். வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்கிறார்கள். உண்மையில் அவர்களுக்கு என்னதான் வேண்டும்?

பதில்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. தெரிந்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல நம்மவர்களுக்கு மனசு வராது. உங்கள் மாமனாரோடு பழகியவர்கள், கல்யாணத்திலும் காவடியிலும் உங்களைப் பார்க்கிறவர்கள், கல்லாவில் நின்றுகொண்டு “உங்கள் பருப்பு பழசு” என்றா சொல்வார்கள்? பேசாமல் மாலுக்குப் போய்விடுவார்கள். அதனால் கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். ஒரு நோட்டு வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். யாராவது ஒரு பொருளைக் கேட்டு நீங்கள் “இல்லை” என்று சொன்னால், பொருளின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் எழுதுங்கள். “நாளைக்கு வரும்” என்று சொன்னாலும் எழுதுங்கள். ஒரு மாதம் இதைச் செய்தால் போதும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் ஒரு சங்கிலிக் கடை நிறுவனத்தில் சரக்கு வாங்கும் பிரிவில் இருந்தேன். விற்றதற்கு எங்களிடம் சதம் பிசகாத கணக்கு இருந்தது. விற்காமல் போனதற்குக் கணக்கே கிடையாது. ஒரு வருடம் முந்தைய மூன்று மாத விற்பனையைப் பார்த்து காத்ரா பீன்ஸுக்கும் பருப்புக்கும் ஆர்டர் போட்டோம். புரட்டாசி பிறந்த முதல் வாரத்திலேயே தட்டு காலி. வந்த பெண்கள் சுற்றிப் பார்த்தார்கள், வெறும் கூடையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் அறிக்கையில் அந்த வாரம் “தேவை குறைவு” என்று பதிவாகியிருந்தது. டர்பனில் பாதி வீடு கறி மீனை விட்டுக் காய்கறிக்கு மாறியிருக்கும் மாதத்தில்!

கடைத் தட்டு காலியாக இருந்தால் என்ன நடக்கிறது என்பதைக் கிரூன், கோர்ஸ்டன், பாரத்வாஜ் என்ற மூவர் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2002ல் வெளியிட்டார்கள். சராசரியாக 100க்கு 8 பொருள்கள் தட்டில் இருப்பதில்லை. தேடியது கிடைக்காதவர்களில் 31 சதவீதம் பேர் அதை வேறு கடையில் போய் வாங்குகிறார்கள். இதைவிட முக்கியம், ஏன் காலியாகிறது என்பது. கிட்டத்தட்ட முக்கால்வாசிக் காரணம் கடைக்குள்ளேயே இருக்கிறது: ஆர்டர் தப்பு, அல்லது சரக்கு பின்கட்டில் இருந்தும் தட்டுக்கு வரவில்லை. இந்தப் பின்கட்டுக் கதை மட்டுமே கால்வாசி. சரக்குக்குப் பணமும் கொடுத்துவிட்டு, வந்த ஆளையும் திருப்பி அனுப்புகிறோம். கணவரிடம் சொல்லுங்கள்: விலையில் கை வைக்கும் முன் பின்கட்டை ஒரு முறை சுற்றி வரட்டும்.

உங்கள் நோட்டில் இரண்டு விதமான ‘இல்லை’ வரும். ஒன்று, நீங்கள் வைக்கவே வைக்காத பொருள். அதில் ஒரே பெயர் நாலைந்து முறை வந்தால்தான் யோசிக்க வேண்டும். மற்றது, வழக்கமாக வைத்திருந்தும் அந்த நேரத்துக்கு இல்லாமல் போனது. உங்களை விட்டு ஆட்கள் போவது இந்த இரண்டாவதால்தான் என்பது என் கணிப்பு. தேதியோடு எழுதச் சொன்னதற்கும் இதுதான் காரணம். நம் ஆட்களின் தேவை நாட்காட்டியோடு ஓடுகிறது. ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் அம்மன் கோயில்களில் கஞ்சி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை புரட்டாசி. அப்புறம் தீபாவளி. தைப்பூசக் காவடிக்கும், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளித் திருவிழாவுக்கும் தேங்காய், கற்பூரம், மஞ்சள். இந்த நாள்கள் உங்களுக்கு விரல் நுனியில் இருக்கின்றன. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து ஆர்டர் போடுகிறவர் வருடா வருடம் புதிதாகக் கற்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டை நீங்கள் வெல்லக்கூடிய இடம் இது. பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே தட்டு நிறைந்திருக்கட்டும்.

மாதத்துக்குள்ளும் ஒரு ஓட்டம் உண்டு. மாதத் தொடக்கத்தில் முதியோர் உதவித்தொகை வருகிறது, 25ஆம் தேதியை ஒட்டிப் பலருக்குச் சம்பளம் வருகிறது. அந்த நாட்களில் 10 கிலோ அரிசியும் பெரிய மீலி மாவு (மக்காச்சோள மாவு) மூட்டையும் போகும். 15ஆம் தேதிக்கு மேல் அதே வீட்டுக்கு 500 கிராம் பருப்பும் சின்ன எண்ணெய் பாட்டிலும் தேவைப்படும். நடு மாதத்தில் பெரிய பாக்கெட் மட்டும் இருந்தால், கையில் 40 ராண்டோடு வந்தவர் எதையும் வாங்காமல் போவார். சின்ன பாக்கெட்டுக்கு கிலோ கணக்கில் ரொம்ப அதிக விலை போடாதீர்கள். கையில் பணம் குறைவாக இருக்கும் நேரத்தில் கூடுதல் விலை வாங்கிய கடையை யாரும் மறப்பதில்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசையில் நின்றோமே, அப்போது பழைய விலைக்கே விற்ற கடை எது, ஏற்றிய கடை எது என்று என் தெருவில் இன்றும் சொல்வார்கள்.

சரி, விலைக்கு வருவோம். பெரும்பாலானவர்களுக்குச் சில பொருள்களின் விலைதான் மனப்பாடம்: ரொட்டி, பால், அரிசி, எண்ணெய், மீலி மாவு, சர்க்கரை. இவற்றை வைத்துத்தான் ஒரு கடை மலிவா, விலை கூடுதலா என்று முடிவு செய்கிறார்கள். இந்த ஆறில் மாலின் விலையை ஒட்டி நில்லுங்கள். கடுகுக்கும் ஊதுபத்திக்கும் விலை குறைத்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை, உங்கள் லாபம் மட்டும் கரையும்.

குறைந்த விலையைவிட நிஜமான விலை முக்கியம். தட்டில் 32 ராண்ட், கல்லாவில் 36 ராண்ட் என்றால் அந்த நான்கு ராண்டோடு நம்பிக்கையும் போகிறது. சட்டமும் வாங்குபவர் பக்கம்தான். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் அமலில் இருக்கிறது. அதன் 23ஆம் பிரிவின்படி, ஒரு பொருளுக்கு இரண்டு விலை ஒட்டியிருந்தால் குறைந்த விலையைத்தான் வாங்கலாம். எழுதியிருக்கும் விலை 15 சதவீத வாட் வரியும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வாரம் ஒரு காலை, கடை திறக்கும் முன், தட்டில் இருக்கும் விலையையும் கல்லாவில் வரும் விலையையும் ஒப்பிடுங்கள். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். உங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வரும் வயதுக்காரர்கள் அல்லவா?

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற பலகை உங்கள் கடையில் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். பழுதான பொருளுக்கு அது செல்லாது. 56ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குள் பழுதான பொருளை வாங்கியவர் திருப்பித் தரலாம். சரிசெய்வதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று முடிவு செய்வது அவர். மனசு மாறியதால் மட்டும் கொண்டுவந்தால் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அது உங்கள் விருப்பம். ஆனாலும் நான் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். புழு வைத்த மாவைக் கொண்டு வரும் பெண் ஏற்கெனவே வெட்கப்பட்டுக்கொண்டுதான் வருகிறார், ரசீது வேறு தொலைந்திருக்கும். “எப்போது வாங்கினீர்கள், எங்கே வைத்தீர்கள்” என்று விசாரித்தால் அவர் மாவை இழந்தார், நீங்கள் அவரை இழந்தீர்கள். பேசாமல் புதுப் பாக்கெட்டைக் கையில் கொடுங்கள், அடுத்தது தட்டில் இருக்கும் மற்ற பாக்கெட்டுகளைத் திறந்து பாருங்கள். ஒருவர் கொண்டுவந்தால் இன்னும் சிலர் சொல்லாமல் குப்பையில் போட்டிருப்பார்கள்.

தேதி விஷயத்தில் இப்போது இன்னும் கவனம் தேவை. 2024 அக்டோபரில் சொவெட்டோவில் ஆறு குழந்தைகள் டெர்புஃபாஸ் என்ற பூச்சிமருந்தால் இறந்த பிறகு, ஸ்பாசா எனப்படும் தெருமுனைச் சின்னக் கடைகள் எல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அதிலிருந்து சின்னக் கடை என்றாலே தாய்மார்கள் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்க்கிறார்கள். அது நியாயமான பயம். எலி மருந்தையும் கொசு மருந்தையும் தின்பண்டத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒரே அலமாரியிலும் வேண்டாம். தேதி நெருங்கியதைத் தனிக் கூடையில் போட்டு, “இந்த வாரம் முடிகிறது, பாதி விலை” என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

இனி மகனின் மசாலா. திட்டம் நல்லது, 18 வகைதான் வேண்டாம். 2000ல் வெளியான ஒரு ஆய்வில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க் கடையொன்றில் ஜாம் பாட்டில்களை ருசி பார்க்க வைத்தார்கள். 24 வகை வைத்தபோது கூட்டம் அதிகம் நின்றது, ருசிக்க நின்றவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். பிறகு வந்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் எல்லா இடத்திலும் வரவில்லை. எது தனக்கு ஏற்றது என்று தெரியாதபோதுதான் வகை பாரமாகிறது என்பது என் அனுபவம். மசாலா வாங்குபவர் மனதில் இருப்பது மூன்று கேள்வி: பேரப்பிள்ளை சாப்பிடும் அளவுக்குக் காரமா? மீனுக்கா, ஆட்டுக்கறிக்கா? போன முறை இருந்த அதே ருசியா? அதனால் காரம் குறைவு, காரம் அதிகம், மீன் மசாலா என்று மூன்றோடு தொடங்கட்டும். ஒரு கிலோ கறிக்கு எத்தனை கரண்டி என்று முன்பக்கத்திலேயே எழுதட்டும். திறந்த பிறகு மூடிவைக்கக்கூடிய பாக்கெட்டாக இருக்கட்டும், ரப்பர் பேண்டு தேடும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

மசாலா பிடித்ததா என்று தெரிந்துகொள்ள “எப்படி இருந்தது?” என்று கேட்க வேண்டாம், மறுபடி “நல்லாத்தான் இருக்கு” என்பார்கள். 20 வீட்டுக்கு 50 கிராம் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருக்கட்டும். எத்தனை பேர் காசு கொடுத்து இரண்டாவது பாக்கெட் வாங்க வருகிறார்கள் என்பதுதான் பதில். ஐந்து பேருக்கும் குறைவென்றால் கலவையை மாற்ற வேண்டும். நான் வைத்துக்கொண்ட அளவு இது.

அதற்கு முன் காகித வேலை உண்டு. உணவு தயாரிக்கும் இடத்துக்கு 2018ஆம் ஆண்டின் ஆர்638 விதிகளின்படி நகராட்சியின் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். லேபிளுக்கு 2010ல் வந்த ஆர்146 விதிகள்: சேர்மானப் பட்டியல், எடை, தயாரிப்பவர் பெயரும் முகவரியும், தொகுதி (பேட்ச்) எண், தேதி, ஒவ்வாமை தரும் பொருள்கள். இதில் பலர் தவறுவது பெருங்காயத்தில். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதை ஒவ்வாமைப் பொருளாக எழுதியாக வேண்டும். மிளகாய்த்தூளை வெளியே வாங்குவதானால் உணவில் சேர்க்கக் கூடாத சூடான் என்ற சிவப்புச் சாயம் இல்லை என்ற ஆய்வகச் சான்றைக் கேட்டு வாங்கட்டும். மாமியார் பெயரில் போகப்போகும் பொருள் அல்லவா?

செயலியும் புள்ளி அட்டையும் இப்போதைக்கு வேண்டாம். வாட்ஸ்அப் எண் ஒன்று போதும். காலையில் பட்டியல் அனுப்பினால் மாலைக்குள் கட்டி வைத்திருங்கள், முடியாத பெரியவர்களுக்கு மகன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பட்டியலில் ஏதாவது இல்லையென்றால் நீங்களாக வேறு பிராண்டைப் போட்டுவிடாமல் போன் செய்து கேளுங்கள். அந்த ‘இல்லை’யும் நோட்டுக்குப் போக வேண்டும். விளம்பரச் செய்தி அனுப்புவதானால் முதலில் சம்மதம் வாங்குங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது, சின்னக் கடைக்கு விலக்கு என்று நினைக்க வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து நோட்டைப் பார்த்துவிட்டு, அதிகமாக வந்த ஐந்து பெயர்களையும் அவை எந்தக் கிழமையில் வந்தன என்பதையும் எனக்கு எழுதுங்கள். ஆர்டர் அளவை அதை வைத்துச் சேர்ந்தே போடலாம்.