சங்கிலியை அடகு வைத்து கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமா?

கேள்வி: செய்யாறு பக்கத்தில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மகள் பி.ஏ. முடித்து ஒரு வருடமாக வேலை தேடுகிறாள். ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாத ‘ஆபீஸ் மேனேஜ்மென்ட்’ படிப்புக்கு 48,000 ரூபாய் கேட்கிறார்கள். முடித்ததும் 12,000 ரூபாய் சம்பளத்தில் வேலை நிச்சயம் என்கிறார்கள். என் சங்கிலியை அடகு வைக்கலாமா, அவர்களே ஏற்பாடு செய்யும் மாதத் தவணையில் சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், சகோதரி. மகள் படிக்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 48,000 ரூபாய் என்பது அவர்கள் சொல்லும் சம்பளத்தில் முழுசாக நான்கு மாதம். அடகுக் கடையில் நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்றாலே மாதம் 720 ரூபாய் போய்விடும்.

அடகைவிட எனக்குப் பயம் அந்தத் தவணைதான். பயிற்சி நிலையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனம் மகள் பெயரிலோ உங்கள் பெயரிலோ கொடுக்கும் கடன். மொத்தப் பணமும் முதலிலேயே நிலையத்துக்குப் போய்விடும். இரண்டாவது மாதமே வகுப்பு சரியில்லை என்று நின்றாலும் தவணை நிற்காது. கட்டாமல் விட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் அடிபடும்.

சரி, என்ன படிப்பது? முதலில் டைப்பிங். ஊரில் இருக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மாதக் கட்டணம்தான், சங்கிலியைத் தொட வேண்டியதில்லை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வை எழுதட்டும். ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. குரூப் 4 தட்டச்சர் பணிக்கு ஒரு மொழியிலாவது சீனியர், இன்னொன்றில் ஜூனியர் வேண்டும். அதே இயக்ககத்தின் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆஃபீஸ் ஆட்டோமேஷன்’ சான்றிதழையும் கையோடு வாங்கி வைத்தால் நல்லது.

எக்செல், கணக்கு எழுதும் மென்பொருளான டேலி, இந்த இரண்டுக்கும் முதலில் இலவச வழியைப் பாருங்கள். முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் சாப்பாடு, தங்குமிடம் உட்பட கட்டணமே கிடையாது. திருவண்ணாமலையில் இருப்பதில் அடுத்த கம்ப்யூட்டர் பேட்ச் எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள். அப்புறம், தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தின் தளத்திலும் மகளைத் தேடச் சொல்லுங்கள்.

வீட்டில் பழகவும் வழி உண்டு. டேலியை, பழகுவதற்கென்றே இருக்கும் எஜுகேஷனல் மோடில் இலவசமாக ஓட்டலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளைப் போட்டு மட்டும்தான் என்ட்ரி எழுத விடும், பழக அது போதும்.

ஒரு விஷயம் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு ஆள் எடுக்கும்போது நான் சான்றிதழை அதிகம் பார்ப்பதில்லை. இருபது பில்களைக் கையில் கொடுத்து, எக்செல்லில் ஏற்றிக் கூட்டச் சொல்வேன். போன முறை வந்த பெண் ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் ‘ரூ.’ என்று சேர்த்தே அடித்திருந்தாள். எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டதால் கூட்டுத்தொகை பூஜ்யம் என்று வந்தது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டாள். பெரிய தொகை கட்டிப் படித்தவள், இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை! உங்கள் தையல் கணக்கையே மகளிடம் கொடுங்கள்: யாருடைய ரவிக்கை, கூலி எவ்வளவு, பாக்கி எவ்வளவு. மூன்று மாதம் அவள் அதை எக்செல்லில் எழுதி வந்தால், இந்த மாதிரித் தேர்வுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

அதன் பிறகும் கட்டண வகுப்பு தேவைப்பட்டால், மாதாமாதம் பணம் கட்டி ரசீது வாங்கும் இடமாகப் பாருங்கள். வேலை நிச்சயம் என்பவர்களிடம், கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தரச் சொல்லுங்கள். போன பேட்சில் படித்த இரண்டு பேரிடமாவது பேசிப் பாருங்கள்.

அந்த நிலையத்தில் ஆதார், பான் நகலை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அப்படியென்றால் போனுக்கு வரும் ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். ‘எங்களுக்குக் கடன் வேண்டாம்’ என்று இன்றைக்கே எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை சிபில் அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். அடுத்த மாதம் அதில் புதிய கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள்.