வாசகர் கேள்வி – பதில்: எபிஸ்கோபல் சபையில் என்ன பணி செய்யலாம்?

தென்னிந்தியத் திருச்சபையும் (சி.எஸ்.ஐ.) அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபையும் முழு ஐக்கியத்தில் உள்ளவை. அதனால் சி.எஸ்.ஐ. பின்னணியில் வளர்ந்து அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, அருகிலுள்ள எபிஸ்கோபல் ஆலயத்தில் சேர்கின்றன. சேர்ந்த சில மாதங்களில் யாராவது வந்து, “எங்கள் பணிக்குழுவில் சேருகிறீர்களா?” என்று கேட்பார்கள். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

என்னை ஆல்டர் கில்டில் சேரச் சொல்கிறார்கள். ஊரில் இந்த வேலையையெல்லாம் கோயில்பிள்ளை பார்த்துக்கொள்வார். இங்கே நான் என்ன செய்ய வேண்டும்? தவறு செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. — வாசகி, நியூ ஜெர்சி

தயங்காமல் சேருங்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் முதல் நாளிலிருந்தே முழுமையாகப் பங்கெடுக்கக்கூடிய பணி இது. திருவிருந்துக்கான மேசையை ஆயத்தம் செய்வதும், ஆராதனை முடிந்ததும் பாத்திரங்களையும் துணிகளையும் சுத்தம் செய்து எடுத்து வைப்பதும்தான் வேலை. பெரும்பாலும் சனிக்கிழமை ஒரு மணி நேரமும், ஞாயிறு ஆராதனைக்குப் பின் அரை மணி நேரமும் ஆகும்.

முதலில் அப்பத்தின் எண்ணிக்கை. மனக்கணக்கில் எடுத்து வைக்காதீர்கள். ஆராதனைப் பதிவேட்டில் ஒவ்வொரு வாரமும் திருவிருந்து எடுத்தவர்களின் எண்ணிக்கை இருக்கும். கடந்த நான்கு வாரக் கணக்கைப் பார்த்து, பத்தில் ஒரு பங்கு கூட்டி வையுங்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போன வருடத்து அதே நாளின் கணக்கைப் பாருங்கள். குளூட்டன் இல்லாத அப்பத்தைத் தனிச் சிமிழில் வைக்க வேண்டும். மற்ற அப்பத்தைத் தொட்ட கையால் அதைத் தொடக்கூடாது. சீலியாக் நோய் உள்ளவருக்கு ஒரு துணுக்குகூட ஆகாது.

அடுத்தது துணிகள். பாத்திரங்களுக்கு அடியில் விரிக்கும் சதுரத் துணி கார்ப்பொரல். அதன் கீழ்ப் பாகத்தை மேலாகவும், மேல் பாகத்தை அதன் மேலாகவும் மடித்து, பிறகு இரு பக்கங்களையும் உள்நோக்கி மடிக்க வேண்டும். விரித்தால் ஒன்பது கட்டங்கள் தெரியும். இப்படி மடிப்பதற்குக் காரணம் உண்டு. அப்பத் துணுக்கு ஏதாவது விழுந்திருந்தால் அது வெளியே சிந்தாமல் மடிப்புக்குள்ளேயே தங்கும். கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்கும் பியூரிஃபிகேட்டர் கிண்ணத்துக்கு ஒன்று, கூடுதலாக இரண்டு வையுங்கள். அதற்குக் கஞ்சி போடக்கூடாது, துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். இரண்டுமே ஈரம் உறிஞ்சுவதைக் கெடுக்கும்.

எல்லாரும் தவறுவது லிப்ஸ்டிக் கறையில்தான். அப்படியே சுடுநீரில் போட்டாலோ, தெரியாமல் இஸ்திரி போட்டுவிட்டாலோ கறை நூலில் பிடித்துக்கொள்ளும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, கறை இளகிய பிறகு அலசுங்கள். குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம். லினன் நூல் நாளடைவில் நைந்துவிடும். மெழுகு சொட்டியிருந்தால் பனிக்கட்டி வைத்து இறுகச் செய்து, மழுங்கிய கத்தி முனையால் பெயர்த்தெடுங்கள். மிச்சத்தைப் பழுப்புக் காகிதங்களுக்கு நடுவில் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். காகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேசையின் மேல்விரிப்பை மடிக்காமல் உருளையில் சுற்றி வைத்தால் மடிப்புக்கோடு விழாது.

மிக முக்கியமான ஒன்று. மீதமிருக்கும் திருவிருந்து இரசத்தைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. நோயாளிகளுக்கென எடுத்து வைத்தது போக மீதியை ஆயரும் சபையாரும் பயபக்தியோடு அருந்திவிட வேண்டும் என்பது 1979-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின் விதி. கிண்ணத்தையும் துணிகளையும் அலசிய முதல் தண்ணீர், நேராக மண்ணுக்குள் இறங்கும் பிசீனா என்ற தனித் தொட்டியில் போக வேண்டும். அது இல்லாத ஆலயங்களில் வெளியே செடியின் வேரில் ஊற்றுவார்கள். இதைத் தெரிந்துகொண்டால் போதும். மற்றத் தவறுகளெல்லாம் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளக் கூடியவை.

ஆராதனைக்குப் பின் காபி கொடுக்கும் முறை எங்கள் குடும்பத்துக்கு வருகிறது. சுமார் 80 பேர். போன முறை வேறொரு குடும்பம் போட்டபோது காபி கசந்தது, மின்சாரமும் போய்விட்டது. — வாசகர், டெக்சஸ்

இரண்டுக்கும் காரணம் சொல்லிவிடலாம். அர்ன் என்னும் பெரிய மின்சாரக் காபிப் பாத்திரத்தில் 16 கப்புக்கு ஓர் அளவுக் கோப்பைத் தூள் என்பது கணக்கு. 80 கப்புக்கு ஐந்து கோப்பை. ஆனால் அர்னில் ‘கப்’ என்றால் ஐந்து அவுன்ஸ்தான். எட்டு அவுன்ஸ் குவளையில் ஊற்றினால் நூறு கப் அர்ன் அறுபது பேருக்குக்கூடச் சிரமப்பட்டுத்தான் வரும். அதனால் இரண்டாவது அர்ன் தேவைப்படும். தூள் கொரகொரப்பாக இருக்க வேண்டும். ஃபில்டர் காபிக்கு அரைத்த நைசான தூளைப் போட்டால் வடிகூடையின் துளை வழியே இறங்கிக் கசக்கும். பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சுடுநீர் ஊற்றினால் காபி வடிவதற்குள் சூடு எட்டிவிட்டதென்று அர்ன் நின்றுவிடும். காபி தயாரென்று அர்னின் விளக்கு எரிந்ததும் வடிகூடையை வெளியே எடுத்துவிடுங்கள். நூறு கப்புக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், எனவே ஆராதனை தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

மின்சாரம் போனது ஏனென்றால், 1500 வாட் அர்ன் ஒன்று 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். ஒரே இணைப்பில் இரண்டு போட்டால் 25. அந்த இணைப்பு தாங்குவது 15 அல்லது 20. ஒன்றைச் சமையலறையிலும் மற்றொன்றைக் கூடத்திலும், வேறு வேறு பிரேக்கரில் போடுங்கள்.

நம் பலகாரம் கொண்டுபோவது நல்லதுதான். கேசரியில் முந்திரி போட்டிருந்தால் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். இன்னொன்று: திருநெல்வேலி அசனப் பந்தி போல இங்கே யாரும் உட்கார வைத்துப் பரிமாற மாட்டார்கள். குவளையோடு நின்று பேசிவிட்டு இருபது நிமிடத்தில் போய்விடுவார்கள். புதிதாக வந்தவர் தனியே நின்றுவிட்டுத் திரும்பிப் போகும் இடமும் இதுதான். குடும்பத்தில் ஒருவர் சமையலறைக்குள் போகாமல் வாசல் பக்கம் நின்று அவர்களோடு பேசட்டும். காபியைவிட அதுதான் முக்கியம்.

வேதபாடம் வாசிக்க என்னைப் போட்டிருக்கிறார்கள். என் உச்சரிப்பை நினைத்தால் நடுங்குகிறது.

பெந்தெகொஸ்தே நாள் என்றால் நடுக்கம் நியாயமே. அன்றைய பாடத்தில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். தமிழ் வேதத்தில் நாம் படித்த கப்பத்தோக்கியா ஆங்கிலத்தில் ‘கேப்படோஷியா’, பிரிகியா ‘ஃபிரிஜியா’, பம்பிலியா ‘பேம்ஃபிலியா’. தமிழ் உச்சரிப்பு நாக்கிலேயே நிற்கும். அதனால் வாரத்தில் மூன்று நாளாவது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நம்மவர்களின் உண்மையான குறை வேகம். பழக்கமான வேகத்தில் பாதியாகப் படித்தால், கடைசி வரிசையிலிருக்கும் முதியவருக்கும் கேட்கும். சங்கீதத்தில் வசனத்தின் நடுவே நட்சத்திரக் குறி வரும். அங்கே ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். சுவிசேஷத்தை மட்டும் நீங்கள் வாசிக்க வேண்டியிருக்காது, அது டீக்கனோ ஆயரோ வாசிப்பது.

சபையாரின் ஜெபத்தையும் நடத்தச் சொன்னால், நோயுற்றோர் பெயர்களை முன்கூட்டியே வாங்கி உச்சரிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் சொல்லுங்கள். நோய் என்னவென்று சொல்லக்கூடாது.

படுத்த படுக்கையாயிருக்கும் அம்மாவுக்கு ஆலயத்திலிருந்து நானே திருவிருந்து கொண்டுவரலாமா?

பிஷப்பின் உரிமம் பெற்ற ‘யூகாரிஸ்டிக் விசிட்டர்’ கொண்டுவரலாம். ரெக்டர், அதாவது சபையின் பொறுப்பு ஆயர், பரிந்துரைக்க வேண்டும், பயிற்சியும் உண்டு. நீங்களே அந்தப் பயிற்சி எடுக்க விரும்பினால் கேளுங்கள். ஆராதனை முடிந்தவுடன் நேராக வீட்டுக்குப் போக வேண்டும், வழியில் கடைக்குப் போய்விட்டுப் போகக் கூடாது. மீதியை அங்கேயே உட்கொண்டுவிட வேண்டும். அம்மாவுக்கு விழுங்கச் சிரமம் இருந்தால் அப்பத்தின் சிறு துணுக்கு போதும், இரசம் மட்டுமே கொடுத்தாலும் போதும். அதுவும் முடியாவிட்டால் கலங்க வேண்டாம். வாயால் பெற முடியாத நோயாளியும் திருவிருந்தின் பலன்கள் எல்லாவற்றையும் பெறுகிறார் என்று ஜெபப் புத்தகமே உறுதி சொல்கிறது. அதை அம்மாவின் காதில் தமிழில் சொல்லுங்கள்.

காணிக்கை எண்ணும் பணியை நானும் மனைவியும் சேர்ந்து செய்யலாமா?

கூடாது. எண்ணும் இருவரும் உறவினராக இருக்கக் கூடாது. இது உங்கள் மேல் சந்தேகம் அல்ல. நாளை கணக்கில் பத்து டாலர் குறைந்தாலும் உங்கள் பெயர் கெடாமல் காக்கும் ஏற்பாடு.

‘வெஸ்ட்ரி’ தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். வெஸ்ட்ரி என்பது ஆயர் அங்கி மாற்றும் அறைதானே?

ஊரில் அப்படித்தான். இங்கே அது சபையார் தேர்ந்தெடுக்கும் குழு, நம் சேகரக் கமிட்டி மாதிரி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். சி.எஸ்.ஐ.யில் ஆயரைத் திருமண்டலம் மாற்றுகிறது. இங்கே ரெக்டர் போய்விட்டால் புதியவரைத் தேடி, பிஷப்போடு கலந்து, அழைப்பது வெஸ்ட்ரியே. பணமும் கட்டடமும் அதன் பொறுப்பு. வெஸ்ட்ரிப் பொறுப்பாளர்களில் ஒருவரான ஜூனியர் வார்டன் என்றால் பெரும்பாலும் கூரை ஒழுகுவதும் கொதிகலன் பழுதாவதும் அவர் தலையில்தான்.

சம்மதிக்கும் முன் மூன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்: கடந்த 12 மாத வரவு செலவு, ஆறு மாதக் கூட்டக் குறிப்புகள், ஆண்டுதோறும் மார்ச் 1-க்குள் அனுப்பும் சபை அறிக்கை. வருகை எண்ணிக்கையும் வாக்குக் காணிக்கையும் அதில் இருக்கும். செலவு சேமிப்பைத் தின்றுகொண்டிருந்தால் நிற்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆனால் கூட்டத்தில் முதல் மாதமே அதைக் கேட்கும் துணிவோடு நில்லுங்கள்.