பரண்ல கெடக்குற பழைய பீங்கான், வெள்ளி, எனாமல்: எடுத்து புழங்கலாமா?

கேள்வி: எங்க மாமியாரோட அப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்த ஜப்பான் டீ செட் ஒண்ணு இருக்கு, கப்புக்கெல்லாம் தங்க ஓரம். கூடவே ரெண்டு வெள்ளித் தட்டு, நாலு வெள்ளி டம்ளர். எல்லாத்தையும் துணி சுத்தி பரண்ல வச்சிருக்கோம், பொங்கலுக்கு எறக்கி தொடச்சு திரும்ப ஏத்துறதோட சரி. தினமும் புழங்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. வீட்ல உள்ளவங்க ஒடைஞ்சிரும், தேஞ்சிரும், பேசாம இருக்கட்டும்னு சொல்றாங்க. என்ன செய்யட்டும்? (திருச்சி வாசகி)

பதில்: எறக்குங்க. அந்த காலத்துல காசு குடுத்து, கப்பல்ல ஏத்தி, பத்திரமா கொண்டு வந்தது டீ குடிக்கத்தான், பரணுக்கு இல்ல.

மொதல்ல வெள்ளி, அதுதான் சுலபம். வெள்ளி கறுக்குறது காத்துல இருக்குற கந்தகத்தாலதான். தினமும் சாப்பிட்டு கழுவி உடனே துணியால ஈரம் போக தொடச்சா பெருசா கறுக்கவே கறுக்காது, சும்மா மூட்டை கட்டி வச்சிருக்கறதுதான் கன்னங்கரேல்னு ஆயிடும், அப்புறம் அதை பவுடர் போட்டு தேய்தேய்னு தேய்க்கும்போதுதான் உண்மையிலயே தேயுது. கை, சோறு, தண்ணி பட்டு தேய்றது ஒண்ணுமே இல்ல. ரெண்டு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க. முட்டை சாப்பிட்டா உடனே கழுவிடுங்க, அதுல கந்தகம் இருக்கு. ஊறுகாய், உப்பு இதெல்லாம் தட்டுலயே ராத்திரி பூரா காய விடாதீங்க, உப்பு வெள்ளியை அரிச்சு புள்ளி விழும், அந்தப் புள்ளி லேசுல போகாது. டம்ளரை அடுக்கி ரப்பர் பேண்ட் போடுற பழக்கம் இருந்தா விட்ருங்க, அது பட்ட எடத்துல கறுப்பா கோடு விழும். கறுப்பு எடுக்க திருநீறை ஈரத்துணில தொட்டு மெதுவா தேய்ச்சாலே போதும். அலுமினியம் ஃபாயில், சோடா உப்பு, வெந்நீர்ல முக்கி எடுக்குறது வேலை செய்யும்தான், ஆனா பூ வேலை பண்ண தட்டா இருந்தா அந்த குழிக்குள்ள இருக்குற கறுப்பையும் சேத்து எடுத்துடும், அந்த கறுப்புதான் டிசைனை தூக்கி காட்டுது, அதனால அப்படிப்பட்டதுக்கு வேணாம்.

இப்ப டீ செட். ஒரு கப்பை கவுத்து அடில என்ன எழுதிருக்குன்னு பாருங்க. இங்கிலீஷ்ல நிப்பான்னு (ஜப்பான் மொழியில அந்த நாட்டோட பேரு) இருந்தா பொதுவா 1891ல இருந்து 1921க்குள்ள செஞ்சது, ஏன்னா எந்த நாட்டு சரக்குன்னு பொருள்லயே எழுதணும்னு அமெரிக்கா சுங்கச் சட்டம் கொண்டு வந்துச்சு, 1921ல நிப்பான்னு போடக்கூடாது ஜப்பான்னுதான் போடணும்னு சொல்லிட்டாங்க. ஆக்குபைடு ஜப்பான்னு (அதாவது நேச நாட்டுப் படைங்க பிடியில இருந்த ஜப்பான்) இருந்தா ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு 1952 வரைக்குமான காலம். (நிப்பான் முத்திரையை போலியா போட்டு பின்னாடி செஞ்சதும் நெறைய உண்டு, கடையில வாங்குறவங்க முத்திரையை மட்டும் நம்பி பணம் குடுத்துடாதீங்க.)

அப்புறம் ஒவ்வொரு கப்பையும் தனித்தனியா சோதிக்கணும். கைப்பிடியை புடிச்சுக்கிட்டு விளிம்புல நகத்தால லேசா ஒரு சுண்டு சுண்டுங்க. ணங்னு கொஞ்சம் நின்னு அடங்குற மாதிரி சத்தம் வந்தா முழுசா இருக்கு, டொக்குன்னு செத்த சத்தம் வந்தா எங்கயோ விரிசல். அடுத்து லைட்டை அணைச்சுட்டு கப்புக்குள்ள ஃபோன் டார்ச்சை விடுங்க, நல்ல பீங்கான்னா வெளிச்சம் தேன் கலர்ல வெளிய தெரியும், உள்பக்கம் உங்க விரல் வச்சா அதோட நிழல் வெளிய தெரியும், முடி மாதிரி விரிசல் இருந்தா அந்த எடத்துல மட்டும் கறுப்பா ஒரு கோடு ஓடும். அந்த கப்பை குடிக்க வேணாம், கொதிக்கிற டீ ஊத்தினா கையிலயே ரெண்டா போகும். அதுல ஸ்பூன் போட்டு வைங்க, மல்லிப்பூ போட்டு வைங்க.

நல்லா இருக்குற கப்புலயும் அடுப்புல இருந்து எறக்குன டீயை நேரா ஊத்தாதீங்க. மொதல்ல கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி சுத்தி கொட்டிட்டு ஊத்துங்க. மைக்ரோவேவ் பக்கமே போகக்கூடாது, தங்க ஓரம் தீப்பொறி பறக்கும். டிஷ்வாஷரும் கூடாது, தங்கம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். ஸ்டீல் சிங்க்ல மெத்துனு ஒரு துண்டை விரிச்சு ஒவ்வொண்ணா கழுவுங்க, பீங்கான் ஒடையறது டீ குடிக்கிறப்ப இல்ல, கழுவுற எடத்துலதான். டீ கறைக்கு சோடா உப்பு போதும். கப்பு மேல கப்பு அடுக்காதீங்க, சாஸரை அடுக்கும்போது நடுவுல துணியோ டிஷ்யூவோ வைங்க, சாஸரோட அடிப்பாகம் சொரசொரன்னு இருக்கும், கீழ உள்ளதோட பூவை சுரண்டிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். அந்த காலத்து கலர்லயும் மெருகுலயும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. கப்போட உள்பக்கம் பூ வரைஞ்சு, அது மங்கிப்போய், கை வச்சா சொரசொரப்பா இருந்தா குடிக்க எடுக்க வேணாம். வெளிய மட்டும் டிசைன், உள்ள வெள்ளையா வழவழன்னு இருக்குன்னா பால் டீ குடிக்கலாம். ஆனா லெமன் டீ, ஊறுகாய், புளி சேந்த எதையும் அதுல ஊத்தி மணிக்கணக்குல வைக்காதீங்க. சின்ன குழந்தைங்களுக்கும் கர்ப்பமா இருக்குறவங்களுக்கும் தினசரி இதுல குடுக்காம இருக்கறதுதான் நல்லது.

ஆறுல ஒண்ணு ஒடையும், ஒடையட்டும். அஞ்சு கப்பு இருக்கும்ல, அஞ்சு பேர் டீ குடிங்க. வீட்ல பயப்படுறவங்களுக்காக மொதல்ல ரெண்டு கப்பு மட்டும் கீழ வைங்க, சாயங்கால டீக்கு மட்டும்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய எனாமல் தட்டு, தூக்கு வாங்கினேன், ஸ்வீடன்லேந்து வந்ததுன்னு சொன்னாங்க. ஓரத்துல அங்கங்க சில்லு போயிருக்கு. சாப்பிடலாமா?

பதில்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் எனாமல் எல்லாம் வந்திருக்கு, அடில முத்திரை பாருங்க. செக்கோஸ்லோவாக்கியான்னு ஒரு நாடு 1918க்கு முன்னாடி கெடையாது, 1992க்கு அப்புறமும் கெடையாது, அதை வச்சே காலம் ஓரளவு தெரியும். எனாமல்ங்கறது இரும்பு மேல உருக்கி ஒட்டுன கண்ணாடி. வெளி ஓரத்துல சில்லு போயிருந்தா தொடச்சு காயவச்சு வைங்க, துரு ஏறாது, முறுக்கு, சீடை, பழம் வைக்க அருமையா இருக்கும். சாப்பாடு படுற உள்பக்கம் போயிருந்தா சாப்பிட வேணாம், பக்கத்துல இருக்குற கண்ணாடியும் துணுக்கு துணுக்கா உதிரும். உள்பக்கம் அடர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னா காட்மியம்ங்கற விஷ உலோகம் கலந்த கலர் சேத்திருக்கலாம், அதுல புளிக்குழம்பு ரசம் எல்லாம் ஊத்தாதீங்க.

கேள்வி: பாட்டியோட வெள்ளி சாமானை மாத்தி புது டிசைன் எடுத்துக்கலாம்னு கடையில சொல்றாங்க. லாபமா?

பதில்: எனக்கு மனசே இல்ல. பழசுக்கு எடைக்கு எடை வெள்ளி விலைதான், அதுலயும் கழிவு புடிப்பாங்க, புதுசுக்கு செய்கூலி சேதாரம் நீங்க குடுக்கணும், அந்த கை வேலையும் உருக்கறதுல போயிடும். மாத்தியே ஆகணும்னா வீட்லயே எடை போட்டு எழுதி வச்சுட்டு போங்க, ஹால்மார்க்கிங் சென்டர்ல சுத்தம் எவ்வளவுன்னு பாத்துக்கோங்க. புதுசுல பிஐஎஸ் முத்திரையும் 925, 990 மாதிரி நம்பரும் (ஆயிரத்துல எவ்வளவு வெள்ளின்னு சொல்றது) இருக்கணும். ஜெர்மன் சில்வர்னு சொல்றதுல வெள்ளி துளியும் கெடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். ஈபிஎன்எஸ்னு அடில இருந்தா அது வெள்ளி முலாம், பரிமாற நல்லாருக்கும், வெள்ளி விலை குடுக்காதீங்க.

கேள்வி: ஆன்லைன்ல ஒரு கடையில பழைய சூப் பவுல் வாங்கினேன், குறையே இல்லன்னு போட்டிருந்தாங்க, வந்ததுல விரிசல். பழைய பொருளுக்கு ரிட்டர்ன் இல்லன்னு சொல்லிட்டாங்க.

பதில்: பழசுங்கறதால மட்டும் கடைக்காரர் தப்பிக்க முடியாது. விரிசல் உண்டுன்னு சொல்லி வித்திருந்தா வேற கதை, குறையே இல்லன்னு எழுதி வித்திருக்காங்களே. அந்த விளம்பரத்தை இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, பில், பார்சல் பிரிச்ச ஃபோட்டோ, டார்ச் வெளிச்சத்துல விரிசல் தெரியுற ஃபோட்டோ எல்லாம் சேத்து அவங்களுக்கு எழுத்துல அனுப்புங்க. பதில் வரலன்னா 1915க்கு கூப்பிடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுலயும் சரியாகலன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடலாம், 5 லட்ச ரூபா வரைக்கும் உள்ள பொருளுக்கு கட்டணம் இல்ல. தனி ஆள் யாரோ அவங்க வீட்டு சாமானை வித்திருந்தா மட்டும் இந்த வழி கஷ்டம், அந்த மாதிரி வாங்கும்போது காசு குடுக்குறதுக்கு முன்னாடியே டார்ச் அடிச்சு வீடியோ அனுப்ப சொல்லுங்க, சுண்டுற சத்தமும் அதுல கேக்கணும்னு சொல்லுங்க.